மலைநடைக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி

தொழிலின் பொருட்டும் பணியின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வந்து, டில்லியிலும் மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர் குடும்பங்களில், விடுமுறை என்றால் ஊருக்கு ரயிலேறுவது என்பதே முன்னாளைய வழக்கம். இன்றைய இளைஞர்கள் அதனோடு மற்றொரு வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். விடியுமுன் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். டில்லியில் இருப்போருக்குக் கட்வால், குமாவுன் மலைகள்; மும்பை, புனே வாசிகளுக்குச் சஹ்யாத்திரிக் கோட்டைகள்; பெங்களூர் வாசிகளுக்குக் குதிரேமுக்கும் குமாரபர்வதமும்; கல்கத்தா வாசிகளுக்குச் சண்டக்பூ. டிரெக்கிங் என்று பிள்ளைகள் சொல்லும் இம்மலைநடை உடலுக்கு நல்லது, உள்ளத்துக்கும் நல்லது. பெரியோர்களும் இப்போது பிள்ளைகளோடு புறப்படத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

ஆயினும் நம்மவருக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. சொந்த ஊரின் மலையில் வழி தவறினால் ஆடு மேய்ப்பவரைக் கேட்கலாம். விறகு சுமந்து வரும் மூதாட்டியைக் கேட்கலாம். கட்வால் மலையில் எதிர்ப்படும் இடையரின் பேச்சு, டில்லியில் நாம் கற்ற இந்திக்கும் எட்டாது. பெயர்ப்பலகை இருந்தாலும் அதன் எழுத்தை எல்லாரும் படிக்க இயலாது. மூடுபனி இறங்கிவிட்டாலோ கேட்பதற்கும் ஆள் இல்லை; படிப்பதற்கும் பலகை தெரியாது. அத்தகைய வேளையில் உதவக்கூடியது கையில் அடங்கும் ஜி.பி.எஸ். கருவி. அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எதைத் தவிர்ப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

இது பொழுதுபோக்குக்கான ஆராய்ச்சி அன்று என்பதைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில், உத்தராகண்டின் உத்தரகாசிப் பகுதியிலுள்ள சஹஸ்திரதாலை நோக்கிக் கருநாடகத்திலிருந்து 22 பேர் கொண்ட ஒரு குழு சென்றது. திரும்பும் வழியில் பனிப்புயல் வந்து சூழ்ந்துகொண்டது. முன்னே நிற்பவரும் கண்ணுக்குப் புலப்படாத நிலையில் குழு வழியில் சிக்கிக்கொண்டது. ஒன்பது பேர் உயிர் இழந்தனர். ஏனையோரை விமானப் படையும் மாநில மீட்புப் படையும் காப்பாற்றின. குளிரையும் புயலையும் எந்தக் கருவியும் தடுத்து நிறுத்தாது. கண் தெரியாத வேளையில் கூடாரம் எந்தத் திசையில், எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய கருவி கையில் இருப்பது வேறு, இல்லாமை வேறு என்பதை மட்டும் மனத்தில் கொள்வோம்.

கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் அது வேலை செய்யும் முறையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் முப்பதளவில் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக்கடிகாரத்தின் நேரத்தை வானொலி அலையாக ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. நம் கையிலுள்ள கருவி அந்த அறிவிப்புக்களைக் கேட்கிறது. ஓர் அறிவிப்பு வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து, அந்தக் கோள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு கோள்களின் தொலைவு தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஒளியின் வேகத்தில் செல்லும் அலை ஆகையால், நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் 300 மீட்டர் பிழைத்துவிடும். இவ்வளவு நுட்பமான கணக்கை உள்ளங்கையளவு பெட்டி ஒன்று நொடிக்கு ஒரு முறை செய்கிறது.

முதற் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. அமைப்பு முழுமை பெற்றது 1995-இல். படைத்துறைக்கென்று ஏற்பட்டது ஆகையால், பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர்தான் சாதாரண மனிதனின் கையிலும் இது நம்பத்தகுந்த கருவியாயிற்று. இன்று ருஷ்யாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் இதே தொண்டைச் செய்கின்றன. நம் நாடும் 2013 ஜூலை முதல் தேதியன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் வழிகாட்டும் கோளை ஏவியது. 2016 ஏப்ரலில் ஏழாவது கோள் சென்றபோது இவ்வமைப்புக்கு நாவிக் என்று பெயர் சூட்டப்பட்டது. இடையில் சில கோள்களின் அணுக்கடிகாரங்கள் பழுதடைந்தன. மாற்றுக் கோள்களை அனுப்பும் பணி நடந்து வருகிறது. ஆகவே நாவிக்கை மட்டுமே நம்பும் கருவியைத் தேட வேண்டுவதில்லை. பல நாட்டுக் கோள்களையும் ஒருங்கே கேட்கும் கருவியே நமக்கு ஏற்றது. அவற்றுள் நாவிக்கும் சேர்ந்திருந்தால் நன்று.

மேலே சொன்னதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. ஜி.பி.எஸ். கருவி கேட்கிறது, பேசுவதில்லை. வானத்திலிருந்து வரும் அலையைப் பெறுகிறதே ஒழிய, அது எந்த அலையையும் அனுப்புவதில்லை. ஆகவே கைப்பேசிக் கோபுரம் எட்டாத காட்டிலும் அது வேலை செய்யும். நம் கைப்பேசியில் இருக்கும் ஜி.பி.எஸ். பகுதியும் அவ்வாறே கோபுரத்தின் உதவியின்றி வேலை செய்யக்கூடியது. கோபுரம் இல்லாத இடத்தில் மறைந்துபோவது படந்தான், இடம் அன்று. நிலப்படத்தை வீட்டிலேயே இறக்கிக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொண்டால் காட்டிலும் அதைப் பார்க்கலாம். பலர் இதை அறியாமல் தனிக் கருவி வாங்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் கைப்பேசியே போதாதோ என்று நேயர்கள் கேட்கலாம். காலையில் சென்று மாலையில் திரும்பும் நடைக்கு, ஆள் நடமாட்டமுள்ள தெளிந்த பாதைக்கு, நிலப்படம் சேமித்த கைப்பேசியும் உபரியாக ஒரு மின்சேமிப்புப் பெட்டியும் போதும். விலை கொடுத்து மற்றொரு கருவி வாங்குவது வீண் செலவு. இரண்டு மூன்று நாள் மலையில் தங்குவோருக்கும், மழைக்காலத்தில் சஹ்யாத்திரி ஏறுவோருக்கும், பனிமலைக்குச் செல்வோருக்குமே தனிக் கருவி வேண்டும். அவர்கள் எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்? கம்பெனிகளின் பெயரைச் சொல்வது நம் வேலை அன்று. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்வோம்.

முதற் கேள்வி, இக்கருவி கேட்பது மட்டுந்தானா, அல்லது செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் வல்லதா என்பது. இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆபத்து வேளையில் ஒரு பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் கருவிகள் வெளிநாடுகளில் தாராளமாக விற்கின்றன. பார்வைக்கு அவை சாதாரண ஜி.பி.எஸ். கருவியைப் போலவே இருக்கும். நம் நாட்டிலோ முன் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியையும், அதே வழியில் செய்தி அனுப்பும் கருவியையும் வைத்திருப்பதே குற்றம். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இதற்கு அடிப்படை. இப்போது அவற்றின் இடத்தை 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2008-இல் மும்பையைத் தாக்கியவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்திய பின்னர் கண்காணிப்பு மிகவும் கடுமையாகியிருக்கிறது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், இத்தகைய கருவியைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டவர் போலீசாரின் விசாரணைக்கு உள்ளானார்கள். அவர்களிடம் தீய எண்ணம் ஏதும் இல்லை. சட்டம் தெரியாமையே அவர்களுடைய குறை.

இது நம் வீடுகளோடு நேரே தொடர்புடையது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் மகனோ மருமகளோ, மலைக்குப் போகும் தகப்பனாரின் பாதுகாப்பைக் கருதி, அன்போடு இப்படி ஒன்றை வாங்கி வருவது நடக்கக்கூடியதே. உறையின் மேல் இரிடியம் என்றோ, செயற்கைக்கோள் வழிச் செய்தி என்றோ, எஸ்.ஓ.எஸ். என்றோ எழுதியிருந்தால் வாங்க வேண்டாம் என்று முன்னரே எழுதிவிடுங்கள். அலையைப் பெறுவதோடு நிற்கும் கருவியே வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவியைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். இக்கருவிகளுள் பல அமெரிக்க வேட்டைக்காரர்களின் தேவையை நினைவிற்கொண்டு செய்யப்பட்டவை. அங்கே மேற்கு மாநிலங்களில் மத்திய அரசுக்குச் சொந்தமான பொது நிலம் மிகுதி. உரிய அனுமதிச் சீட்டுப் பெற்றவர் அதில் வேட்டையாடலாம். ஆனால் அந்தப் பொது நிலம் ஒரே பரப்பாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்பாதை அமைத்த கம்பெனிகளுக்கு, பாதையின் இரு மருங்கிலும் ஒரு மைல் சதுரமுள்ள கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அரசு வழங்கியது. எஞ்சிய கட்டங்கள் அரசிடமே தங்கின. ஆகவே இன்றும் பல இடங்களில் நிலம் சதுரங்கப் பலகையைப் போல, ஒரு கட்டம் பொது, அடுத்த கட்டம் தனியார் என்று கிடக்கிறது. காட்டில் நிற்பவனுக்கு வேலியும் தெரியாது, கல்லும் தெரியாது. ஓரடி தவறினால் அத்துமீறல் ஆகிவிடும். எனவே அங்குள்ளவர் கருவி வாங்கும்போது, நில உடைமையைக் காட்டும் படம் அதில் உண்டா என்பதையே முதலிற் பார்க்கிறார்கள்.

இதனால் வழக்கும் எழுந்தது. வயோமிங் மாநிலத்தில் 2021-ஆம் ஆண்டு வேட்டைக்காரர் நால்வர், இரண்டு பொதுக் கட்டங்கள் மூலையோடு மூலை தொடும் இடத்தை வரைபடக் கருவியின் துணையாற் கண்டுபிடித்து, தனியார் மண்ணில் கால் வைக்காமல் மூலையைத் தாண்டிச் சென்றார்கள். தன் நிலத்துக்கு மேலுள்ள வெளியை அவர்கள் கடந்தது அத்துமீறல் என்று உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். குற்ற வழக்கில் நடுவர் குழு அவர்களை விடுவித்தது. உரிமை வழக்கிலும் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புக் கூறியது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஒரு காலடி அகலமுள்ள மூலைக்காக இத்தனை நீதிமன்றங்கள் ஏற வேண்டியிருந்தது என்பதைக் கண்டால், அங்கே படத்துக்கு உள்ள மதிப்பு விளங்கும்.

நம் நாட்டு நிலை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் வேட்டைக்கு இடமில்லாமற் செய்துவிட்டன. அமெரிக்கப் படம் ஏற்றிய கருவியை இங்கே திறந்தால், வயோமிங்கின் ஒவ்வொரு ஓடையும் தெரியும். கட்வாலின் இடத்தில் வெறும் திரையும் சில பெருநகரங்களின் பெயர்களும் தெரியும். அந்தப் படத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது பயனற்றது. நாமே படம் ஏற்றிக்கொள்ள வசதி உண்டா என்று கேட்பதே முறை. உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்து இலவசமாக வழங்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் படத்தைப் பெரும்பாலான நல்ல கருவிகளில் ஏற்றலாம். அதில் சஹ்யாத்திரியின் ஒற்றையடிப் பாதைகளும் பல இடங்களில் உண்டு. எல்லாப் பாதையும் அதில் இருக்கும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

இரண்டாவது கேள்வி, மின்கலத்தைப் பற்றியது. கருவிகள் இருவகை. உள்ளேயே அடைக்கப்பட்டு, மின்சாரத்தில் ஏற்றிக்கொள்ளும் மின்கலம் உடையவை ஒருவகை. கடையில் விற்கும் ஏ.ஏ. அளவுப் பென்சில் பாட்டரி இரண்டு போட்டு நடத்துபவை மற்றொரு வகை. நகரத்தில் முன்னது வசதி. மலையில் பின்னதே கைகொடுக்கும். தீர்ந்துபோனால் பையிலிருந்து இரண்டை எடுத்து மாற்றலாம்; மலையடிவாரத்துப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கும். சிக்கனமான கருவி ஒன்று இரண்டு பாட்டரியில் இருபது மணி நேரத்துக்கு மேலும் நடக்கும். குளிரில் சாதாரண ஆல்கலைன் பாட்டரியின் வலு விரைவில் குன்றிவிடும். பனிமலைக்குச் செல்வோர் லித்தியம் வகையைக் கொண்டு செல்வது நலம். கைப்பேசியின் மின்கலமும் கடுங்குளிரில் திடீரென்று ஓய்ந்துவிடுவது பலருக்கும் அனுபவம். எதுவாயினும் இரவில் அதைப் படுக்கைக்குள் உடலோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கையாளும் முறை. தொடுதிரை பார்வைக்கு அழகு. மழை பெய்யும்போது நீர்த்துளியே திரையைத் தொட்டுக் குழப்பிவிடும். தடித்த கையுறையோடு தொட்டால் அது கேளாது. கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துப்போகும். பழைய பாணிப் பொத்தான்கள் உள்ள கருவியே மலைக்கு ஏற்றது. கடையில் வாங்கும்போதே குளிர்காலக் கையுறையை மாட்டிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். வெயிலில் வெளியே எடுத்துச் சென்று திரை தெரிகிறதா என்றும் பாருங்கள். நல்ல கைக்கருவியின் திரை வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும் இயல்புடையது. நீர்க்காப்புக்கு ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பது பொருள். சஹ்யாத்திரி மழைக்கு அது வேண்டும்.

நான்காவது, கேட்கும் திறன். திறந்த வெளியில் மலிவான கருவியும் ஐந்து மீட்டர் அளவுக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அடர்ந்த ஈரமான மரச்செறிவிலும், இருபுறமும் பாறை நிமிர்ந்த பள்ளத்தாக்கிலும் நிலை மாறுகிறது. இலையும் ஈரமும் அலையை மெலியச் செய்கின்றன. பாறையில் மோதித் திரும்பி வரும் அலை நீண்ட வழி சுற்றி வருவதால் கருவி தொலைவைத் தவறாகக் கணிக்கிறது. இதற்குப் பரிகாரம், ஒரே கோளிடமிருந்து இருவேறு அலைவரிசைகளைக் கேட்கும் கருவி. கடைகளில் அதை மல்டி-பேண்டு என்பார்கள். வான்மண்டலத்தின் மின்னேறிய அடுக்குகளால் நேரும் பிழையையும் இருவரிசைக் கருவி தானே திருத்திக்கொள்ளும். காந்த நடுவரையை ஒட்டிக் கிடக்கும் நம் நாட்டின் மேல் அந்தப் பிழை சற்று மிகுதி ஆகையால், இந்த வசதிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. அலைவாங்கி கொம்பு போல் தலையில் நீண்டிருக்கும் வகையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தட்டையான வகையை வானம் பார்க்கக் கிடத்திப் பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் நல்ல கருவியும் செவிடாகிவிடும்.

ஐந்தாவது, திசைகாட்டியும் உயரமானியும். மலிவான கருவிக்கு நாம் நடக்கும்போதுதான் திசை தெரியும். நின்றுவிட்டால் வடக்கு எது என்று அதற்குத் தெரியாது. மின்னணுத் திசைகாட்டி உள்ள கருவி நின்ற நிலையிலும் காட்டும். மூடுபனியில் நின்று யோசிப்பவனுக்கு இந்த வேறுபாடு பெரிது. உயரத்தைக் கணிப்பதில் செயற்கைக்கோள் முறை சற்றுப் பிழைபடும். காற்றழுத்தமானி சேர்ந்த கருவி மேல். அழுத்தம் திடீரென்று இறங்குவதைக் கொண்டு வானிலை கெடப்போகிறது என்பதையும் அது முன்கூட்டி உணர்த்தும். இவையெல்லாம் இருந்தாலும் பழைய காந்தத் திசைகாட்டி ஒன்றும் காகித நிலப்படம் ஒன்றும் பையில் இருப்பது நல்லது. அவற்றுக்குப் பாட்டரி வேண்டாம்.

காகிதப் படம் என்றவுடன் நினைவு கொள்ளத்தக்க ஒரு வரலாறு உண்டு. இந்திய நிலப்படங்களுக்கெல்லாம் அடிப்படையான பெரும் முக்கோண அளவை 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் அங்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய கோணமானி மோதிச் சேதமடைந்தது. அவர் அதைச் செப்பனிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1823-இல் மராட்டியத்து ஹிங்கன்காட்டில் பணியின் நடுவே காலமானார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவையை இமயத்தின் அடிவாரம் வரையிற் கொண்டு சேர்த்தார். தமிழகத்தில் தொடங்கி வடக்கே சென்ற நம்மைப் போன்றதே அக்கோடும்.

இதனால் ஒரு நடைமுறைக் குறிப்பும் எழுகிறது. பழைய இந்திய நிலப்படங்கள் எவரெஸ்ட் 1830-இல் வகுத்த பூமியின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் புதிய வடிவத்தைக் கொண்டது. பழைய படத்தில் குறித்த எண்ணைக் கருவியில் அப்படியே இட்டால் இடம் நூறு மீட்டருக்கு மேலும் விலகக்கூடும். மலைமுகட்டில் நூறு மீட்டர் என்பது பாதைக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம். இந்திய நில அளவைத் துறை 2005-ஆம் ஆண்டின் கொள்கைப்படி பொதுமக்களுக்காக வெளியிடும் ஓப்பன் சீரிஸ் படங்கள் புதிய வடிவத்தைப் பின்பற்றியவை. ஒன்றுக்கு ஐம்பதாயிரம் என்ற அளவில், இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டருக்குச் சமம். அவற்றையே பயன்படுத்துவது நன்று.

ஆறாவது, எண்களை எழுதும் முறை. இதைக் கருவியில் மட்டுமன்றி நம் மனத்திலும் சரிசெய்துகொள்ள வேண்டும். ஓர் இடத்தின் அகலாங்கை 30.50 பாகை என்று பதின்மத்தில் எழுதலாம். அதையே 30 பாகை 30 கலை என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றே. முன்னதைக் கேட்டவர் 30 பாகை 50 கலை என்று எண்ணிவிட்டால் இருபது கலை தவறிவிடும். ஒரு கலை சுமார் 1.85 கிலோமீட்டர். ஆகவே மீட்புக் குழு 37 கிலோமீட்டர் தள்ளி வேறொரு மலையில் தேடிக்கொண்டிருக்கும். குழுவினர் அனைவரும் பதின்ம முறையையே கொள்வது என்று புறப்படுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னால் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். 112 என்ற அவசர எண்ணுக்குப் பேச வாய்த்தால், "முப்பது புள்ளி ஐந்து பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பாகை வடக்கு" என்று முழுமையாகச் சொல்லி, எதிரிலிருப்பவரைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். மொழி தெரியாத மாநிலத்தில் இருக்கும் நமக்கு இந்த எண்கள் பெரும் உதவி. நம் உச்சரிப்பில் மலையின் பெயர் அவர்களுக்கு விளங்காமற் போகலாம்; எண் விளங்கிவிடும்.

கருவி சொல்லாத ஒன்றும் உண்டு. பாதை திரையில் தெரிகிறது என்பதனால் அதில் நடக்க அனுமதி இருக்கிறது என்று பொருளாகாது. சரணாலயங்களுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். ஒதுக்கப்பட்ட காடுகளுக்கும் தனி விதிகள் உண்டு. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்க இயலாது. முறையான அனுமதியின்றி அந்தப் பாதையிற் சென்றிருந்ததாகப் பின்னர்ப் பேசப்பட்டது. அனுமதி கேட்கும்போது தீ மூண்டிருக்கும் செய்தியும், யானை நடமாட்டமும், சரிந்த பாதையும் நமக்குத் தெரியவரும். எந்தச் செயற்கைக்கோளும் அவற்றைச் சொல்லாது. சண்டக்பூ செல்வோர் நேபாள எல்லையை ஒட்டியே நடக்கிறார்கள். சில இடங்களில் பாதை எல்லைக்கு அப்பாலும் செல்கிறது. லடாக்கிலும் அருணாசலத்திலும் எல்லைப்புறப் பகுதிகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அத்தகைய இடங்களில் கருவியை மறைத்து வைக்காமல், காவல் சாவடியில் காட்டிவிட்டுச் செல்வதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும்.

வாங்கிய கருவியை நேரே பனிமலைக்குக் கொண்டு செல்லக் கூடாது. முதல் இரண்டு வாரம் வீட்டைச் சுற்றிப் பழக வேண்டும். வீட்டு வாசலை ஓர் இடமாகக் குறித்துக்கொண்டு, அறியாத தெருக்களில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, வந்த தடத்தைத் திரும்பக் காட்டும் வசதியைக் கொண்டே வீடு திரும்பிப் பாருங்கள். இருட்டிலும் ஒரு நாள் செய்து பாருங்கள். மலையில் முதல் வேலை, புறப்படும் இடத்தைக் குறித்தல். இரண்டாவது, தடப்பதிவைத் தொடங்குதல். இவ்விரண்டையும் மறந்தால், வழி தவறிய பின் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் நாம் நிற்கும் இடத்தை மட்டுமே சொல்லும். திரும்பும் வழியைச் சொல்லாது. தடமும் நேராகக் கூரை தாண்டிப் போகும் காக்கையின் வழியும் வேறு என்பதை மறவாதீர்கள். அம்புக்குறி கூடாரத்தை நேரே காட்டும். நடுவில் ஒரு செங்குத்துப் பள்ளம் இருக்கக்கூடும். வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

கருவியைக் குழுவில் ஒருவர் மட்டும் அறிந்திருப்பதும் போதாது. அதை வைத்திருப்பவரே கால் இடறி விழக்கூடும். குறைந்தது மற்றொருவராவது அதை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். இருவருக்கும் தெரிந்த மொழியில் திரை அமைந்திருக்கட்டும்.

கடைசியாக, வீட்டில் இருப்போருக்கு ஒரு சொல். மலைக்குப் புறப்படும் மகனிடமோ மகளிடமோ ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தொடங்கும் இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும், இரவு தங்கும் இடங்களின் எண்கள், திரும்பிக் கைப்பேசியில் பேசவேண்டிய நேரம், அந்த மாவட்டத்து வனத்துறை அலுவலகத்தின் தொலைபேசி எண். அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் நாட்காட்டியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் எத்தனை மணி பொறுத்திருப்பது, அதன் பின் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து முன்னரே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.